கட்டைவிரலும் நாலரை அங்குல டயரும்

சக்கரத்தைக் கண்டுபிடித்த ஆதி மனிதன் அதன் சரியான அகலத்தையும் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டான். அது இரண்டரை அங்குலம். அதற்கு மேல் கூடுகிற ஒவ்வொரு நூலும் மனித குலம் பின்பக்கமாக எடுத்துவைக்கிற ஓர் அடி.

இந்த மகா உண்மையைப் பல் டாக்டர் உலகுக்கு அறிவித்த நேரத்தில், அவருடைய இரண்டு விரல்களும் ஒரு குட்டிக் கண்ணாடியும் எச்சில் உறிஞ்சுகிற குழாயும் ஒரு நோயாளியின் வாய்க்குள் இருந்தன. நோயாளி “ஆ” என்றார். டாக்டர் அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டார்.

இருபத்திரண்டு வருடங்களாக அவர் இப்படி எதிர்ப்பே இல்லாமல் பேசிப் பழகியவர். வாயைத் திறந்து வைத்திருப்பவரோடு விவாதம் செய்வதில் தனி சுகம் உண்டு. அந்தச் சுகம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கிடைக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்ததுதான் எல்லாத் தொல்லைக்கும் ஆரம்பம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மலைச் சைக்கிள் கழகத்தின் தலைவர். முப்பத்தொரு உறுப்பினர்கள். நீர்த்தேக்கத்துக்குப் பின்னால் இருக்கிற குன்றில், வனத்துறை நிலத்தில், ஏழு கிலோமீட்டருக்கு வளைந்து வளைந்து ஏறி இறங்குகிற பாதை ஒன்று அவர்களுக்கு இருந்தது. அதில் பாதிக்கு மேல் டாக்டர் தன் கையால் வெட்டியது. எட்டு வருட உழைப்பு. இருபது அடிக்கு ஒரு வடிகால். ஒவ்வொரு வடிகாலையும் சொத்தைப் பல்லைச் சுரண்டுகிற அக்கறையோடு அவர் சுரண்டி வைத்திருந்தார். வீட்டுச் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டால் ஆள் வரும்வரை தொடமாட்டார். குன்றில் ஒரு வடிகாலில் நாலு சருகு சேர்ந்துவிட்டதென்று தெரிந்தால் கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்.

அந்தப் பாதைக்கு உயிர் வருவது மழைக்காலத்தில்தான். வெயில் மாதங்களில் ஒரே புழுதி, சக்கரம் வழுக்கும். மழை மூன்று மாதமும் மண் ஈரமாகி டயரைக் கையால் பிடித்துக்கொள்வதுபோலப் பிடித்துக்கொள்ளும். மற்ற ஒன்பது மாதமும் டாக்டர் பல் பிடுங்கிக்கொண்டு அந்த மூன்று மாதத்துக்காகத்தான் காத்திருந்தார் என்று சொன்னால் அதில் மிகை கொஞ்சம்தான்.

கழகத்தில் ஒரு சம்பிரதாயம் உண்டு. காலை ஆறு மணிக்கு வனத்துறை கேட்டுக்கு முன்னால் எல்லோரும் சைக்கிளை வரிசையாக நிறுத்துவார்கள். டாக்டர் ஒவ்வொரு டயரையும் தன் வலது கட்டைவிரலால் அழுத்துவார். கண்ணை மூடுவார். பிறகு உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்று எண்ணைச் சொல்வார்.

“இருபத்தி நாலு. கச்சிதம்.”

“இது இருபது. பம்ப்ல ரெண்டு தம் அடி.”

காற்று பார்க்கிற மீட்டரை அவர் தொட்டதே இல்லை. “மீட்டர் பொய் சொல்லும். விரல் சொல்லாது” என்பார். கழகத்தின் செயலாளர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், பயந்த சுபாவம். ஒருமுறை வீட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தார். டாக்டர் சொன்ன எண்ணுக்கும் மீட்டர் காட்டிய எண்ணுக்கும் ஒட்டவே இல்லை. செயலாளர் நன்றாக யோசித்து, மீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

இப்படியாக நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரிசையின் கடைசியில் ஒரு ஃபேட் பைக் வந்து நின்றது.

டயர் நாலரை அங்குல அகலம். பார்த்தால் சைக்கிளுக்கு யானைக்கால் வந்தமாதிரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றது வேறு யாரும் இல்லை, டாக்டரின் மனைவியுடைய தம்பி. மெத்தைக் கடை வைத்திருக்கிறவன். வாழ்க்கையில் எதையும் அவசரமாகச் செய்யாதவன்.

டாக்டர் கட்டைவிரலை வைத்தார். விரல் நகம் வரைக்கும் உள்ளே போயிற்று.

“பஞ்சர்” என்றார் டாக்டர்.

“இல்லத்தான். ஆறு வச்சிருக்கேன்.”

“ஆறா? என்ன ஆறு?”

“காத்துதான். இதுக்கு ஆறு, ஏழு போதும். மெத்துனு போகும்.”

“ஆறுன்னா அதுக்குப் பேரு காத்து இல்ல மாப்ள. கொட்டாவி.”

முப்பது பேரும் சிரித்தார்கள். தலைவர் ஜோக் அடித்தால் சிரிப்பது கழகத்தின் எழுதாத விதி. மச்சினனும் சிரித்தான், அதுதான் டாக்டருக்குப் பிடிக்கவில்லை.

“மெத்தை விக்கிறவன் மெத்தை மேலயே ஏறி வந்துட்டான்” என்றார்.

“ஆமாத்தான். கடைக்கு ஒரு விளம்பரமும் ஆச்சு.”

அன்றிலிருந்து கழகம் மூன்றாகப் பிரிந்தது. முதல் கட்சிக்கு டாக்டரே தலைவர். ஃபேட் பைக் என்பது சைக்கிளே அல்ல, அது டிராக்டருக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவில் தவறிப் பிறந்தது, மலைப்பாதை என்றால் கல்லும் வேரும் எலும்பில் தட்டவேண்டும், தட்டாவிட்டால் வீட்டிலேயே சோபாவில் உட்காரலாம் என்பது இவர்களின் கொள்கை. இரண்டாவது கட்சி, அவரவர் முட்டி அவரவர் பாடு என்றது. இந்தக் கட்சியில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் அதிகம். மூன்றாவது கட்சிதான் பெரிய கட்சி. இவர்கள் கூட்டத்தில் முதல் கட்சியோடு சேர்ந்து தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஃபேட் பைக் விலையைப் பார்த்தார்கள்.

கழகத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே வாரத்தில் இருநூற்றுப் பதினாலு செய்திகள். “எருமைக்கு ஹேண்டில்பார் வச்சா சைக்கிள் ஆயிடுமா?” என்று ஒருவர் கேட்டார். “எருமை வழுக்கி விழுந்து நீ பாத்திருக்கியா?” என்று இன்னொருவர் கேட்டார். செயலாளரின் கருத்தைக் கேட்டபோது அவர், தொழில் பழக்கத்தில், “இது நல்லா தெரியுதா, அது நல்லா தெரியுதா? ரெண்டும் ஒரே மாதிரிதானே தெரியுது?” என்று பதில் போட்டுவிட்டு இரண்டு நாள் போனை அணைத்து வைத்தார்.

அப்படியும் டாக்டர் பொறுத்துப் போயிருப்பார். பொறுக்க முடியாமல் போனது அவர் மனைவியால்.

அந்த அம்மா மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் டீச்சர். பாதை போட்ட புதிதில் ஒரே ஒருமுறை கணவரோடு மலைச் சைக்கிளில் போனார். நாலாவது வளைவில் விழுந்தார். ஓடிவந்த கணவர் முதலில் சக்கரம் கோணிவிட்டதா என்று பார்த்தார், பிறகுதான் மனைவியைப் பார்த்தார். அந்த வரிசையை அந்த அம்மா இன்றுவரை மறக்கவில்லை. அதற்கப்புறம் டாக்டர் எத்தனை தடவை கூப்பிட்டும் அவர் குன்றுப் பக்கம் வந்ததில்லை.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் மனைவியின் காலணியில் சிவப்பு மண் ஒட்டியிருந்ததை டாக்டர் பார்த்தார். அந்த மண் எந்த இடத்து மண் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

“எங்க போயிட்டு வர்ற?”

“தம்பிகூட.”

“எங்கன்னு கேட்டேன்.”

“குன்றுக்குத்தான். ரெண்டு மாசமா போயிட்டிருக்கேன். எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்தான். அவன் மெத்தை குடோன்ல நிக்குது.”

“அந்த எருமையா?”

“ஆமா. எருமை என்னைக் கீழ போடல.” சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்தார். “நாலாவது வளைவுல நின்னு வேடிக்கையெல்லாம் பாத்தோம். அங்கேருந்து தண்ணி தெரியுதே, நீங்க சொன்னதே இல்ல?”

டாக்டருக்குத் தெரியாது. எட்டு வருடத்தில் அவர் நாலாவது வளைவில் மண்ணையும் சக்கரத்தையும் தவிர வேறு எதையும் பார்த்ததே இல்லை.

அன்று இரவே அவர் வனத்துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். மூன்று பக்கம். ஃபேட் பைக் என்னும் கனரக வாகனங்கள் பாதையை உழுது நாசம் செய்கின்றன என்றும், இயற்கையின் மடியில் ஆறாத தழும்புகளை உண்டாக்குகின்றன என்றும், மழைக்காலம் தொடங்குமுன் அவற்றைத் தடை செய்ய வேண்டும் என்றும் எழுதி, தலைவர் என்று கையெழுத்துப் போட்டு, கழக முத்திரையை இரண்டு இடத்தில் குத்தினார். இயற்கையின் மடி என்ற இடத்தில் அவருக்கே கொஞ்சம் கண் கலங்கியது.

அரசாங்க அலுவலகம் கடிதத்துக்குப் பதில் போடாது என்கிற நம்பிக்கையில் வாழ்கிறவர்களுக்கு, பதில் வந்துவிட்டால் வருகிற சங்கடம் தனி. பத்தாவது நாள் ரேஞ்சர் நேரிலேயே கிளினிக்குக்கு வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும், சீருடையில், குரலை உயர்த்தாமல் பேசுகிற பெண்மணி. பல் நாற்காலியில் உட்கார மறுத்து நின்றுகொண்டே பேசினார்.

“நல்ல வேளை எழுதுனீங்க டாக்டர். மழைக்காலத்துல அந்தப் பாதைல சைக்கிள் போகுதுன்னே எங்களுக்கு இப்பத்தான் தெரியும்.”

டாக்டரின் கையில் இருந்த இடுக்கி தட்டில் விழுந்தது.

“அதாவது மேடம், நான் சொல்ல வந்தது அந்தப் பெரிய டயர் மட்டும்…”

“புரியுது. ஆனா ஈர மண்ணுல எந்த டயர் போனாலும் தடம் விழுமே? அதனால சோதிச்சுப் பாத்துடுவோம். சனிக்கிழமை காலைல வர்றேன். ரெண்டு விதமான சைக்கிளும் கொண்டுவாங்க. பத்து மில்லிமீட்டருக்கு மேல எது மண்ண வெட்டுதோ, அது மழை முடியறவரைக்கும் உள்ள வரக்கூடாது. ரெண்டுமே வெட்டுச்சுன்னா கேட்டையே பூட்டிடறேன். யாரும் போகவேண்டாம். நடந்துகூட.”

“நடந்துகூடவா? வடிகால் எல்லாம் சுத்தம் பண்ணணுமே?”

“பூட்டுன்னா பூட்டுதான் டாக்டர்.”

ரேஞ்சர் போனபிறகு டாக்டர் சிறிது நேரம் தன் சுழல் நாற்காலியில் சுழலாமல் உட்கார்ந்திருந்தார். மூன்று மாதம் யாரும் போகாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். முதல் மாதம் வடிகால் அடைக்கும். இரண்டாம் மாதம் தண்ணீர் பாதையிலேயே ஓடும். மூன்றாம் மாதம் பாதை இருந்த இடம் ஓடையாக இருக்கும், மிச்சம் புதராக இருக்கும். எட்டு வருடம் போயிற்று. ஆனாலும் இரண்டும் வெட்டாது, ஒன்றுதான் வெட்டும், அந்த ஒன்று எது என்பதும் தெரிந்த விஷயம்தானே என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிட்டார்.

சனிக்கிழமை காலை கேட்டுக்குள் ஓர் ஈரமான சமதளத்தில் எல்லோரும் கூடினார்கள். ரேஞ்சரின் ஜீப் நின்றது. அதன் பின்சீட்டில் ஒரு தடித்த சங்கிலியும் பெரிய பூட்டும் கிடந்ததை டாக்டர் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல இருந்தார். பள்ளிக்கு விடுமுறை என்பதால் மனைவியும் வந்திருந்தார், தம்பிக்குத் துணையாக.

“ஒரே ஆள்தான் ரெண்டையும் ஓட்டணும்” என்றார் ரேஞ்சர். “எடை மாறக்கூடாது.”

“நான் ஓட்டறேன்” என்றார் டாக்டர். நீதிபதி ஆசனத்துக்கும் குற்றவாளிக் கூண்டுக்கும் ஒரே நேரத்தில் ஆசைப்படுகிற மனுஷன்.

“ஆழத்தை எதால அளக்கறது? ஸ்கேல்ல முனைய விட்டுக் கொஞ்சம் தள்ளித்தானே கோடே ஆரம்பிக்குது” என்று ரேஞ்சர் யோசித்தார். டாக்டர் சட்டைப் பையிலிருந்து மெல்லிய எஃகுக் குச்சி ஒன்றைப் பெருமையோடு எடுத்து நீட்டினார். ஈறு பல்லைவிட்டு எவ்வளவு ஆழம் விலகியிருக்கிறது என்று பார்க்கிற குச்சி. ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கோடு போட்டது.

“இதுல தப்பே வராது மேடம். இருபத்திரண்டு வருஷமா என் கையில இருக்கு.”

மச்சினனும் ரேஞ்சரும் கயிறு கட்டி இடம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி பூவாளியில் தண்ணீர் எடுத்து மண்ணைச் சமமாக நனைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஃபேட் பைக்கின் பக்கத்தில் போய் நின்றார். பழக்கதோஷம், கட்டைவிரல் தானாகப் போயிற்று. மெத்து.

இதைப் போய் ஓட்டுவதா? சோதனை என்றால் நியாயம் வேண்டும். பரீட்சை என்றால் எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள். ஒரு டயருக்கு இருபத்து நாலும் இன்னொன்றுக்குக் கொட்டாவியும் வைத்துச் சோதித்தால் அது என்ன சோதனை? இப்படியெல்லாம் அவர் மனசுக்குள் வாதாடினார். எதிர்த்தரப்பு வாயைத் திறந்துதான் வைத்திருந்தது, வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. காரிலிருந்து பம்பை எடுத்துவந்து அடிக்க ஆரம்பித்தார். அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். இவ்வளவு காற்று குடிக்கிற டயரை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. சட்டை முதுகோடு ஒட்டியபோது கட்டைவிரலால் அழுத்தி, கண்ணை மூடி, “இருபத்தி நாலு” என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

மற்றவர்கள் கயிற்றைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, செயலாளர் மட்டும் இதைப் பார்த்தார். உடனே தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதுவும் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம்.

முதலில் டாக்டர் தன் சொந்தச் சைக்கிளில் பத்து அடி ஓட்டினார். ரேஞ்சர் குனிந்து தடத்தில் குச்சியை வைத்தார். குச்சி போயிற்று, போயிற்று, கடைசிக் கோட்டையும் தாண்டிப் போயிற்று.

“இதுல பதினஞ்சு வரைக்கும்தான் கோடு இருக்கு டாக்டர். அதுக்கு மேல எப்படிப் பாக்கறது?”

“பாக்க முடியாது” என்றார் டாக்டர் மெல்ல. “அவ்வளவு ஆழம் இருந்தா பல்லே விழுந்திருக்கும்.”

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஃபேட் பைக்கில் ஏறினார். அது அவரைப் பந்துபோல இரண்டு தடவை தூக்கிப்போட்டு, மூன்றாவது தடவையில் கயிற்றுக்கு வெளியே இறக்கிவிட்டது. ரேஞ்சர் மறுபடி குனிந்தார்.

“பன்னண்டு.”

“பன்னண்டா!” என்றான் மச்சினன். “இருக்காதே மேடம்.”

“குச்சி சொல்லுது சார்.” ரேஞ்சர் நோட்டில் எழுதினார். “ரெண்டுமே வெட்டுது. அப்ப பூட்டறதுதான் வழி. மழை விட்டதும் பாத்துக்கலாம்.” ஜீப்பை நோக்கி நடந்தார்.

டாக்டர் எதிர்பார்த்திருக்க வேண்டிய ஒன்றுதான். ஆனால் கட்சி கட்டிச் சண்டை போடுகிறவர்களுக்குத் தாங்கள் ஜெயிப்பது அல்லது எதிரி ஜெயிப்பது என்று இரண்டுதான் கண்ணுக்குத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்தே தோற்கிற வசதியும் உண்டு என்பது சங்கிலிச் சத்தம் கேட்கும்போதுதான் தெரிகிறது.

“ஒரு நிமிஷம்” என்றார் மனைவி. “எடைய பரப்பால வகுத்தா அழுத்தம். பரப்பு ரெண்டு பங்கு இருக்கு. குழி எப்படிப் பன்னண்டு வரும்? பத்தாங் கிளாஸ் பாடம் இது.” சொல்லிக்கொண்டே ஃபேட் பைக் பக்கம் வந்து, டயரில் விரல் கணுவால் ஒரு தட்டு தட்டினார். தர்பூசணியைத் தட்டினமாதிரி சத்தம் வந்தது. அவர் நிமிர்ந்து கணவரின் முதுகைப் பார்த்தார். முதுகு முழுக்க வேர்வை. இருபது வருடம் டீச்சராக இருந்தவருக்குப் பையன் தானாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கத் தெரியும்.

ரேஞ்சர் சங்கிலியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போய்விட்டார். சங்கிலி கம்பிகளுக்கு நடுவில் ஒரு சுற்று சுற்றியது. டாக்டர் தலையைத் திருப்பிப் பாதையைப் பார்த்தார். முதல் வடிகால் அங்கிருந்தே தெரிந்தது. அதில் ஒரு சருகு கிடந்தது.

“மேடம்!” என்று கத்தினார். நோயாளிகள் யாரும் கேட்டறியாத குரல். “பூட்டாதீங்க. நான்தான் காத்து அடிச்சேன்.”

“என்ன காத்து?”

“இவன் டயர்ல. ஆறுதான் இருந்துச்சு. நான் இருபத்தி நாலாக்கிட்டேன்.”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“ஏன்?” என்றார் ரேஞ்சர்.

நியாயம், கேள்வித்தாள் என்று வரிசையாக வைத்திருந்த வாதங்கள் எல்லாம் வாய்வரை வந்து நின்றுவிட்டன. “இது தோக்கணும்னு” என்றார் டாக்டர்.

அந்த இடத்தில் மச்சினன் ஏதாவது சொல்லிக் குத்திக்காட்டியிருக்கலாம். அவன் தன் பையிலிருந்து மீட்டரை எடுத்து டயரில் வைத்தான். நெற்றியைச் சுருக்கினான். இன்னொரு தடவை வைத்தான்.

“அத்தான், இருபத்தி நாலு இல்லியே. பதினாறுதான் இருக்கு.”

“இருக்காது. நான் விரல் வச்சுப் பாத்தேன்.”

“பெரிய டயர் கொஞ்சக் காத்துலயே விறைச்சுக்கும்ங்க” என்றார் மனைவி. “விரலுக்கு அதெல்லாம் தெரியாது.”

“சரி, என் சைக்கிள்ல வச்சுப் பாரு. அதுல இருபத்தி நாலு” என்றார் டாக்டர், மூழ்குகிறவன் கடைசியாகப் பிடிக்கிற பிடிபோல. மச்சினன் வைத்துப் பார்த்தான். பத்தொன்பது.

“எனக்குக்கூட அப்பவே ஒரு சந்தேகம்…” என்று செயலாளர் ஆரம்பித்தார்.

“எப்ப?”

“ஒரு ஆறு வருஷம் முன்னாடி.”

முப்பது பேரும் குனிந்து அவரவர் டயரை அவரவர் விரலால் அழுத்திப் பார்த்தார்கள். யாருக்கும் எந்த எண்ணும் தோன்றவில்லை.

டயரில் மறுபடி ஆறு வைத்தார்கள். மண்ணை மறுபடி நனைத்தார்கள். டாக்டர் மறுபடி ஏறினார். இந்தத் தடவை ஃபேட் பைக் துள்ளவில்லை. சத்தமில்லாமல், ஈர மண்ணை மிதிக்காமல் தடவிக்கொண்டு போவதுபோலப் போயிற்று. பத்து அடி முடிந்தும் டாக்டர் நிற்கவில்லை. கயிற்றைச் சுற்றி வந்து திரும்ப ஒருமுறை ஓட்டினார். பிறகு இன்னொரு முறை.

“என்னங்க, போதும்!” என்று மனைவி குரல் கொடுத்தார்.

“சராசரி எடுக்கணும்ல” என்று டாக்டர் பதில் சொல்லிவிட்டு ஒரு குட்டையைத் தேடிப்போய் அதற்குள் இறங்கினார்.

சராசரி ஏழு தடவை எடுக்கப்பட்டது. ரேஞ்சர் முதல் தடத்தில் குச்சியை வைத்தார். நாலு மில்லிமீட்டர். சங்கிலியைக் கழற்றி ஜீப்பில் போட்டார். மழை மூன்று மாதமும் நாலு அங்குலத்துக்குக் குறைந்த டயர் எதுவும் உள்ளே வரக்கூடாது, வடிகால் வேலைக்கு மட்டும் நடந்து போகலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். டாக்டரின் குச்சியைச் சாட்சியாகக் கோப்போடு சேர்க்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டும் போய்விட்டார்.

அடுத்த கூட்டத்தில் மூன்றாவது கட்சி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. பதினாலு பேர் ஃபேட் பைக் வாங்கப்போவதாகச் சொன்னார்கள். அதில் ஐந்து பேர் ஏற்கனவே வாங்கியிருந்தார்கள். டாக்டர் எழுந்து நின்று, யாரும் வாயைத் திறந்து வைத்திருக்காத அந்த அறையில், ஒரு சிறிய உரை நிகழ்த்தினார். பாதை பிழைத்ததில் தனக்கு மகிழ்ச்சி என்றார். கட்டைவிரல் சம்பிரதாயம் இன்றோடு ரத்து என்றார். ஆனால் கொள்கை என்று ஒன்று உண்டு, நாலரை அங்குலத்தில் ஏறுவது தன்னால் ஆகாது, இந்த மழைக்காலம் முழுக்க மண்வெட்டியோடு நடந்தே போய் வடிகாலைக் கவனிப்பேன் என்றார். முப்பது பேரும் கைதட்டினார்கள். சிலருக்கு அவர்மேல் மரியாதைகூட வந்தது.

“நிஜமாவா அத்தான்?” என்று வெளியே வந்தபோது மச்சினன் கேட்டான். “என்னோடத எப்ப வேணா எடுத்துக்கலாம். சொல்லுங்க.”

“கொள்கை மாப்ள.”

“ஆங். கொள்கை.”

மனைவியின் ஃபேட் பைக் மெத்தை குடோனிலிருந்து வீட்டுக்கு வந்தது. இனி ஒளித்து வைக்கக் காரணம் இல்லை. மாடிப்படிக்குக் கீழே சுவரில் சாய்ந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி அதில் ஏறிக்கொள்ள, டாக்டர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுவரை கூடவே நடக்கிறார். நாலாவது வளைவில் மனைவி நின்று காத்திருக்கிறார். இருவரும் சிறிது நேரம் தண்ணீரைப் பார்க்கிறார்கள். அதற்குமேல் மனைவி ஓட்டிக்கொண்டு போய்விடுவார், டாக்டர் சருகு அள்ளுவார்.

வியாழக்கிழமை மதியம் கிளினிக்குக்கு விடுமுறை. பள்ளிக்கூடம் விடுவது நாலரை மணிக்கு. இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை டாக்டர் அந்த ஃபேட் பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகக் குன்றுக்குப் போய்வருகிறார். மழை பெய்தால் சீக்கிரமே கிளம்பிவிடுகிறார். திரும்பி வந்ததும் தோட்டத்துக் குழாயில் கழுவி, துணியால் துடைத்து, சுவரில் சாய்ந்திருந்த அதே கோணத்தில் சாய்த்து வைக்கிறார்.

மனைவி அவரைவிட ஏழு அங்குலம் குட்டை. மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் டாக்டர் சீட்டை உயர்த்துவதில்லை. மேட்டில் மிதிக்கும்போது இரண்டு முழங்காலும் மாறிமாறி அவர் நெஞ்சில் இடிக்கின்றன.